பால் பைத்தானின் அடிவயிற்றில் கொப்புளம்: மருந்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

கேள்வி இதுதான். லண்டனில் வசிக்கும் ஒருவர் இரண்டு வயதுப் பால் பைத்தான் (ball python, சிறிய மலைப்பாம்பு வகை) ஒன்றை வளர்க்கிறார். அங்கே அதை ராயல் பைத்தான் என்பார்கள். ஒரு வாரமாக அதன் அடிவயிற்றில் நாலைந்து செதில்கள் பழுப்பாகி, ஓரம் தூக்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் இரண்டு சிறு நீர்க்கொப்புளங்கள். போன முறை கொடுத்த எலியைத் தொடவில்லை. கண்ணாடித் தொட்டி, தேங்காய் நார்த்தூள் விரிப்பு, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் பாய்). மதுரையில் இருக்கும் அம்மா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போடச் சொல்கிறாராம். பீட்டாடின் போட்டால் போதுமா, டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

போகத்தான் வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். ஒன்றிரண்டு செதில்கள் லேசாகச் சிவந்திருக்கின்றன, மற்றபடி பாம்பு நன்றாக இருக்கிறது என்றால் வீட்டிலேயே கொஞ்ச நாள் கவனித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். கொப்புளமும் பழுப்பும் சேர்ந்து வந்து, இரையையும் மறுக்கிறது என்றால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் டாக்டரிடம் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்று இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அந்தத் தொட்டியைக் காலி செய்வது. வளர்ப்புப் பாம்புகளின் தோல் தொற்றில் பெரும்பாலானவை தரையிலிருந்துதான் தொடங்குகின்றன. தரையை அப்படியே விட்டுவிட்டு மேலே எந்த மருந்தைப் பூசினாலும் புண் ஆறாது.

முதலில், நீங்கள் பார்ப்பது தொற்றுதானா என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சட்டை உரிக்கப் போகும் பால் பைத்தானின் அடிவயிறு இளஞ்சிவப்பாக மாறும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். அந்தச் சிவப்பு வயிறு நெடுக ஒரே சீராக இருக்கும். எந்தச் செதிலும் தூக்கியிருக்காது, மெத்தென்றும் ஆகியிருக்காது. அடுத்த சில நாளில் கண் நீலம் பாய்ந்து மங்கும், பிறகு தெளியும், அதற்கப்புறம் சட்டை கழலும்போது சிவப்பும் போய்விடும். தொற்றின் சிவப்பு வேறு மாதிரி. அது திட்டுத்திட்டாக வரும். பெரும்பாலும் செதிலின் பின்விளிம்பில், ஒரு செதில் அடுத்த செதிலின் மேல் படியும் அந்த மடிப்பில்தான் ஆரம்பிக்கும். அந்த மடிப்பில்தான் ஈரம் தங்கும், அழுக்கும் தங்கும்.

இதைச் சரியாகப் பார்க்க, பாம்பைக் கையில் தூக்கி மல்லாத்த வேண்டாம்; அது முறுக்கிக்கொள்ளும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அடி தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அதை விட்டு, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல செதில் பளபளப்பாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். கெட்ட செதில் மங்கலாக, விளிம்பு கலைந்து இருக்கும். கொப்புளத்துக்குள் இருக்கும் நீர் தெளிவாக இருக்கிறதா, மஞ்சளித்துக் கலங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துத் தினமும் ஒரு படம் எடுத்துக்கொண்டால், புண் பரவுகிறதா சுருங்குகிறதா என்பதை நினைவை நம்பாமல் சொல்லிவிடலாம். டாக்டருக்கும் அந்தப் படங்கள் மிகவும் உதவும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்க வேண்டும். இது ஹீட் மேட் சுட்ட புண்ணாகவும் இருக்கலாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் மேட் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சுட்டால் பாம்பு விலகிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விலகாது. மேலே காற்று குளிர்ந்து அடியில் மட்டும் சூடு இருந்தால், தோல் வெந்துபோகும் அளவு சூட்டிலும் அது அசையாமல் படுத்துக் கிடக்கும். லண்டன் குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். சூட்டுப்புண் பெரும்பாலும் வரிசையாக அடுத்தடுத்த செதில்களில், பாம்பு சுருண்டு படுத்த வடிவத்திலேயே வரும். ஈரத்தால் வரும் புண் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். ஆனால் ஒரு வாரம் ஆன பிறகு இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம்; சூட்டுப்புண்ணிலும் இதற்குள் கிருமி ஏறியிருக்கும். அதனால் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை மேட்டுக்கு நேர் மேலே, கண்ணாடியின் மீதே வைத்து அளந்து பாருங்கள். நார்த்தூளின் மேல்பரப்பில் அளந்து பயனில்லை. பாம்பு தூளைத் தள்ளிக்கொண்டு கீழே போய்ப் படுக்கும்.

இப்போது இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நோயை விடக் காரணம்தான் இங்கே முக்கியம். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் புல்வெளிப் பாம்பு. விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பங்கு கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து போனவை அல்லது அவற்றின் வழிவந்தவை. பகல் முழுக்க அது எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். வெளியே காய்ந்த நிலம்; உள்ளே காற்றில் ஈரப்பதம் இருக்கும், ஆனால் படுக்கும் மண் சொதசொதவென்று இருக்காது. வளர்ப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஈரப்பதம் 60 சதவீதம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, மீட்டர் 60 காட்டும்வரை விரிப்பின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். மேல்பகுதி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, மீட்டர் இறங்குகிறது, மறுபடியும் தெளிக்கிறார்கள். தெளித்த தண்ணீரெல்லாம் அடியில் போய்த் தங்குகிறது. கூடவே மூத்திரமும் மலமும். ஹீட் மேட் அதை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. கிருமி பெருக இதை விட நல்ல இடம் கிடையாது.

உங்கள் தொட்டியில் என்ன நடந்திருக்கிறது என்று அறிய ஒரு எளிய சோதனை: நார்த்தூளின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். சொட்டுத் தண்ணீர் வந்தாலே அது அதிகம். முகர்ந்தும் பாருங்கள். மண் வாசனை வந்தால் பரவாயில்லை, புளித்த வாடையோ அமோனியா நெடியோ வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

அடிவயிற்றின் பெரிய செதில்கள்தான் பாம்பின் கால்கள். நகரும் ஒவ்வொரு முறையும் அவை தரையைப் பிடித்துத் தள்ளுகின்றன. நாள் கணக்கில் ஈரத்தில் ஊறிய செதிலின் விளிம்பு மெத்தென்று ஆகி, உரசி, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதன் வழியாக நுழைகின்றன. இவை புதிதாக எங்கிருந்தோ வந்தவை இல்லை. தண்ணீர்க் கிண்ணத்திலும் பாம்பின் மலத்திலும் எப்போதும் இருப்பவை. தோல் உறுதியாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. கொப்புளத்தில் முதலில் தேங்கும் நீரில் பெரும்பாலும் கிருமியே இருக்காது. நாளாக ஆக அது கலங்குகிறது, செதில் பழுக்கிறது, அடியில் புண் ஆழமாகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் செப்டிசீமியா. தோல் தொற்றால் இறக்கும் பாம்புகள் கடைசியில் அதனால்தான் இறக்கின்றன.

குளிர் இதில் இன்னொரு பங்காளி. பாம்பின் நோய் எதிர்ப்பு அதன் உடல் சூட்டைப் பொறுத்தது. பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 முதல் 27 வரையும் வேண்டும். இரவில் 20 டிகிரிக்கு இறங்கும் அறையில் இருக்கும் பாம்புக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் பாதிப் பலன்தான். மருந்து உடலில் பரவும் வேகமும், புண் ஆறும் வேகமும் அந்தச் சூட்டைச் சார்ந்தவைதான். என்னைக் கேட்டால், பாம்புக்கு எழுதும் மருந்துச் சீட்டில் முதல் வரியாக வெப்பநிலையைத்தான் எழுத வேண்டும்.

சரி, இன்று இரவு என்ன செய்வது? விரிப்பு முழுவதையும் அள்ளிக் குப்பையில் போடுங்கள். மரக்கட்டை, கார்க் பட்டை, பாசி எல்லாம் போகட்டும். அவற்றுக்குள் ஊறியதைக் கழுவி எடுக்க முடியாது. தொட்டியை முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வேலை செய்யாது, அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. அப்புறம் எஃப்10 என்ற கிருமிநாசினி கிடைத்தால் லேபிளில் சொன்ன அளவில் கலந்து பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாடை துளியும் இல்லாமல் போகும்வரை காயவையுங்கள். ப்ளீச்சோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். பினாயில் பக்கமே போகக் கூடாது.

காய்ந்த தொட்டியில் வெள்ளை நிறக் கிச்சன் பேப்பரை இரண்டு மடிப்பாக விரியுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வெள்ளைத் தாளில் எல்லாம் தெரியும்: மூத்திரம், இரத்தக் கறை, கசியும் நீர், கறுப்புப் புள்ளியாக நகரும் பூச்சி எல்லாமே. நனைந்தால் உடனே மாற்றுங்கள், நனையாவிட்டாலும் தினமும் மாற்றுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடங்கள் வையுங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் கழுவ வசதி. ஒளிய இடமில்லாத பாம்பு பதற்றத்திலேயே இருக்கும், அதுவும் நோயை இழுத்துக்கொண்டே போகும். குடிக்கத் தண்ணீர் கட்டாயம் வேண்டும், ஆனால் பாம்பு உள்ளே போய்ச் சுருண்டு ஊறிக் கிடக்க முடியாத சிறு கிண்ணமாக இருக்கட்டும். புண் ஆறும்வரை ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் நாளைக்கே வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புண்ணைச் சுத்தம் செய்வதற்கு நீங்கள் கேட்ட பீட்டாடின் சரியான பொருள்தான், ஆனால் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றக் கூடாது. கடையில் கிடைக்கும் 10 சதவீதக் கரைசலில் 5 மில்லியை 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால், பால் ஊற்றாத லேசான டீயின் நிறம் வரும். அவ்வளவு போதும். அதில் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் மேல் ஐந்து நிமிடம் ஒற்றி வைத்திருங்கள். தேய்க்காதீர்கள். அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே தொட்டியில் விடுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை செய்தால் போதும். 'ஸ்க்ரப்' என்று எழுதியிருக்கும் பீட்டாடினில் காஸ் துணியை நனைக்கக் கூடாது. அதில் சோப்பு கலந்திருக்கும். சொல்யூஷன் என்று இருப்பதை வாங்குங்கள். பாம்பை மருந்துத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறப்போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈரத்தால் வந்த புண்ணை மறுபடி ஈரத்தில் ஊறவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தண்ணீரைப் பாம்பு குடித்துவிடும் அபாயமும் இருக்கிறது.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். உடைத்தால் உள்ளே வழி திறந்துவிடும் என்பது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், உடையாத கொப்புளத்திலிருந்து டாக்டர் ஊசியால் எடுக்கும் நீர்தான் பரிசோதனைக்கு மிக நல்ல மாதிரி. திறந்த புண்ணின் மேலே துடைத்து எடுத்தால் தரையில் இருந்த கிருமியெல்லாம் சேர்ந்து வளரும். எது குற்றவாளி என்று தெரியாது. இதே காரணத்துக்காக, டாக்டரிடம் போகும் நாள் காலையில் பீட்டாடின் போட வேண்டாம்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். நமக்கு அடிபட்டால் மஞ்சள் வைத்து வளர்த்தவர்கள், அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் இங்கே மஞ்சள் இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும். சமையலறைப் பொடி கிருமியற்றது அல்ல. அதோடு, நாம் தினமும் கண்காணிக்க வேண்டிய சிவப்பையும் பழுப்பையும் அதன் கறை மறைத்துவிடும். வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ செதில் மடிப்புக்குள் இறங்கி ஈரத்தையும் அழுக்கையும் உள்ளேயே அடைத்துவிடும். காற்றுப் பட்டுக் காய வேண்டிய இடம் காயாது. டெட்டாலும் வேண்டாம். நம் வீடுகளில் கை தானாக அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும், ஆனால் அதில் இருக்கும் குளோரோசைலெனாலும் பைன் எண்ணெயும் ஊர்வனவற்றுக்கு ஆகாதவை. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் சுத்தமாகிறது போலிருக்கும். புதிதாக முளைக்கும் சதையையும் அது சேர்த்து அரிக்கிறது.

ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவரும் தோல் களிம்புகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. படைக்கு, அரிப்புக்கு, தேமலுக்கு என எல்லாவற்றுக்கும் போடும் அந்தக் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய மறுநாள் சிவப்பு குறைந்தது போல் தெரியும். உண்மையில் அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தி அடங்கிவிட்டது, கிருமி தடையில்லாமல் உள்ளே போகிறது. வலி மரக்கச் செய்யும் மருந்து கலந்த ஆன்டிபயாடிக் களிம்புகளும் கூடாது. பெயர் '-கெய்ன்' என்று முடியும் பொருள் எதுவும் லேபிளில் இருந்தால் பாம்பின் மேல் போடாதீர்கள்.

இனி டாக்டர். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஆர்.சி.வி.எஸ். அமைப்பின் இணையதளத்தில் 'ஃபைண்ட் எ வெட்' தேடலில் ஊர்வன பார்ப்பவர்களைத் தேடலாம். போன் செய்யும்போதே, பால் பைத்தான், அடிவயிற்றில் கொப்புளம், இரை எடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். குளிராக இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, உறையில் படாமல் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாம். தொட்டியின் இரண்டு பக்க வெப்பநிலை, ஈரப்பதம், கடைசியாக எடுத்த இரை, கடைசியாகச் சட்டை உரித்த தேதி இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நல்ல டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். தொட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசி போடுகிறவராக இருந்தால் இன்னொருவரையும் பாருங்கள்.

அங்கே என்ன நடக்கும்? எடை பார்ப்பார்கள், வாயைத் திறந்து பார்ப்பார்கள், புண்ணிலிருந்து மாதிரி எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதனைக்கு அனுப்புவார்கள். இந்தச் சோதனைக்குச் செலவாகும்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சூடோமோனாஸ் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமி. குருட்டாம்போக்கில் ஒரு மருந்தைக் கொடுத்து, அது கேட்கவில்லை என்று தெரிவதற்குள் சில வாரங்கள் போய்விடும்.

சோதனை முடிவு வருவதற்குள் பெரும்பாலும் செஃப்டாசிடிம் ஊசியைத் தொடங்குவார்கள். இது வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். மனிதருக்கு ஒரு நாளில் பல முறை போடும் மருந்து பாம்புக்கு மூன்று நாளைக்கு ஒன்று போதும். அதன் உடல் மருந்தை அவ்வளவு மெதுவாக வெளியேற்றுகிறது. ஊசியை உடலின் முன்பாதியில் போடுவார்கள். பின்பாதியிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாகப் போவதால், அங்கே போட்ட மருந்து உடல் முழுக்கப் பரவுவதற்கு முன்பே வெளியேறலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பது அதற்கான எச்சரிக்கை. என்ரோஃப்ளாக்சசினும் நல்ல மருந்துதான், ஆனால் ஊசி போட்ட இடத்தில் சதை கருகி, தோல் நிறம் மாறிவிடுவது உண்டு. தோல் புண்ணுக்கு வந்த பாம்புக்கு இன்னொரு தோல் புண் தேவையா என்று யோசித்துத்தான் அதை எடுப்பார்கள். அமிகாசின் கொடுத்தால் கூடவே திரவமும் ஏற்றுவார்கள், சிறுநீரகத்தைக் காப்பதற்காக. மேலே பூச சில்வர் சல்ஃபடயசின் களிம்பு கிடைக்கும். பீட்டாடின் ஒற்றிக் காய்ந்த பிறகு மெல்லிய படலமாகப் பூசினால் போதும். அப்பிவைத்தால் தாள் ஒட்டிக்கொண்டு வரும்.

ஊசியை வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்து அனுப்பும் டாக்டர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், செய்யக்கூடியதுதான். அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். இரண்டு ஊசியிலேயே பாம்பு சுறுசுறுப்பாகிவிட்டது என்று நிறுத்தினால், அடங்கிய கிருமி மறுபடி எழும்போது அதே மருந்துக்குப் பணியாது.

இவ்வளவு செய்தும் ஆறவில்லை, செதில்கள் தடித்து மஞ்சள் கலந்த பழுப்பில் பொருக்குத் தட்டுகின்றன, முகம் வீங்குகிறது, அடிக்கடி சட்டை உரிக்கிறது என்றால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். ஒஃபிடியோமைசிஸ் ஒஃபிடியிகோலா என்ற பூஞ்சை வட அமெரிக்கக் காட்டுப் பாம்புகளிடையே பெரிய சேதம் செய்துகொண்டிருக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வு பிரிட்டனின் காட்டுப் பாம்புகளிலும் அது இருப்பதைக் காட்டியது. இதைத் துடைத்தெடுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. கொஞ்சம் தோலை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சை திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று பார்த்து, பிசிஆர் சோதனையும் செய்வார்கள். டெர்பினாஃபைன் போன்ற மருந்துகளைப் பல வாரம், சில நேரம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். உங்கள் பாம்பின் அறிகுறி இப்போதைக்குப் பாக்டீரியாவைத்தான் காட்டுகிறது. ஆனாலும் அது தொட்ட விரிப்பையும் தண்ணீரையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நம் வீட்டு நோய் அங்கிருக்கும் புல் பாம்புகளுக்குப் போய்விடக் கூடாது.

மைட் பூச்சியையும் தேடிப் பாருங்கள். கண்ணைச் சுற்றி, தாடைக்குக் கீழ் மடிப்பில், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகை விடப் பல மடங்கு சிறிய கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இரத்தம் குடிக்கும் இந்தப் பூச்சி போகும் இடமெல்லாம் துளை போட்டுக் கிருமிக்கு வழி செய்கிறது. முட்டையைப் பாம்பின் மேல் இடாமல் தொட்டியின் இடுக்கில் இடும். அதனால்தான் பாம்பை மட்டும் கழுவினால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் கணக்குப் பார்த்துப் போடுகிறேன் என்று இறங்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளியில் என்று டாக்டர் சொல்லட்டும்.

இரையைப் பற்றி அவசரம் வேண்டாம். இந்த வயதுப் பால் பைத்தான் சில வாரம் சாப்பிடாமல் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. வெப்பநிலை சரியாகி, ஊசியெல்லாம் தொடங்கி, நாக்கை நீட்டிச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, வழக்கத்தை விடச் சிறிய எலியை உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கிக் கொடுங்கள். உயிர் எலி வேண்டவே வேண்டாம். சோர்ந்த பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். மறுத்தால் எடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். எடையை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

இந்தச் சமயத்தில் சட்டை அடிக்கடி உரியும். உடம்பு புண்பட்ட தோலை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. கண் நீலம் பாய்ந்ததும் புண்ணைத் தொடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒளிவிடம் ஒன்றுக்குள் மட்டும் பிழிந்த ஈரத் துணியை வையுங்கள். தொட்டி முழுவதும் தெளிக்க வேண்டாம். புண் இருக்கும் இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், புதுத் தோலும் சேர்ந்து வரும். கழன்ற சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிவயிற்றுச் செதில்களின் அச்சு அதில் முழுமையாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடமும் மஞ்சள் பிசின் ஒட்டிய இடமும் இன்னும் ஆறாத இடங்கள். முதல் சட்டையிலேயே கணிசமான முன்னேற்றம் தெரியும். முழுக்க ஆற இரண்டு மூன்று சட்டைகள் ஆகலாம், அதாவது சில மாதங்கள். ஆழமான புண் வடுவை விட்டுத்தான் போகும். அதனால் பாம்புக்குத் தொந்தரவு இல்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். அடிவயிறு நெடுகச் சிறுசிறு இரத்தப் புள்ளிகள், புண்ணிலிருந்து நாற்றம், செதில் கழன்று சதை தெரிவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, தூக்கினால் உடலில் பிடிமானமே இல்லாமல் தொங்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள், இரவானாலும் சரி.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் இந்தச் சிகிச்சை முடியும்வரை மட்டுமல்ல, எப்போதுமே பாம்பையும் அதன் தொட்டியையும் தொட விடாதீர்கள். ஊர்வனவற்றின் மலத்தில் சால்மொனெல்லா சாதாரணம். தொட்டி கழுவுவதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள், புண் தொடும்போது கையுறை போடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேறு பாம்பும் இருந்தால் முதலில் நோயில்லாத பாம்பின் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் நோயுற்றதிடம் போங்கள். இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வைத்தியம் பார்ப்பதற்காக என்றாலும் கூட. புண்ணோடு ஒரு பாம்பு கிணற்றடியில் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் சைட்ஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், இந்தியாவில் அதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் வாங்கியவர்கள் பலர் பயந்துகொண்டு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். பாம்பு செப்டிசீமியாவில் விழுகிறது. வாங்குவதற்கு முன்பே காகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப உங்கள் தொட்டிக்கு. ஊசி முடிந்து, ஒரு முழுச் சட்டை ஓட்டையில்லாமல் உரிந்த பிறகுதான் கிச்சன் பேப்பரை எடுங்கள். மறுபடி நார்த்தூள்தான் வேண்டும் என்றால் போடலாம், அதன் மேல் குற்றமில்லை. மேலே தெளிப்பதை விட்டுவிட்டு, பெரிய தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்துக்கு அருகில் வையுங்கள், மேல்மூடியின் வலையில் பாதியை மூடிவிடுங்கள். காற்றில் ஈரம் நிற்கும், தரை காய்ந்திருக்கும். வாரம் ஒருமுறை அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். டாக்டர் பார்த்துச் சொன்னதையும், சோதனையில் எந்தக் கிருமி வந்தது என்பதையும் எழுதுங்கள். அதற்கேற்ப மேலே சொல்கிறேன்.